"வெயில்ல போகாதீங்க"ன்னு சொன்னா போதுமா? ஒரு த்ரெட்

1/ ஏப்ரல் வந்தா போதும், டாக்டருங்க எல்லாரும் ஒரு வீடியோ போடுவோம். "12 மணியிலருந்து 3 மணி வரைக்கும் வெளியே வராதீங்க, வீட்டுக்குள்ளயே இருங்க." நானும் போட்டிருக்கேன். அந்த அறிவுரை யாருக்குன்னு அப்போ யோசிக்கல.

2/ பொழிச்சலூர்ல ஷீட் போட்ட வாடகை வீட்டுலருந்து ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. 60 வயசுக்கு மேல. உடம்புச் சூடு 41 டிகிரி, பேச்சு குழறுது. பையன் சொன்னார்: "வெளியவே போகல சார். ஃபேன் போட்டு உள்ளதான் படுத்திருந்தாங்க. காய்ச்சல்னு பாராசிட்டமால் குடுத்தோம்."

3/ இது காய்ச்சல் இல்ல, ஹீட் ஸ்ட்ரோக். காய்ச்சல்ல மூளையே சூட்டை ஏத்தி வைக்கும், அதுக்குத்தான் பாராசிட்டமால் கேக்கும். இதுல உடம்பால சூட்டை வெளியேத்த முடியல. மாத்திரை வேலை செய்யாது. 108-க்குப் போன் பண்ணிட்டு, வண்டி வர்ற வரைக்கும் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறணும். நினைவு தடுமாறினா வாயில எதுவும் ஊத்தாதீங்க.

4/ வீட்டுக்குள்ள எப்படி? உச்சி வெயில்ல ஷீட் 60 டிகிரியைத் தொடும். மெல்லிசா இருக்கறதால சூடு உடனே அடிப்பக்கம் இறங்கிடும். அங்கிருந்து கதிர்வீச்சா உடம்பு மேல விழும். தணல் பக்கத்துல நின்னா தொடாமலே முகம் காயுதுல்ல, அதேதான்.

5/ ஃபேன்? நம்ம தோல் சுமார் 35 டிகிரி. காத்து அதைவிடச் சூடா இருந்தா, ஃபேன் சூட்டை உடம்புக்குள்ள ஏத்தும். வேர்வை காயறது ஒண்ணுதான் காப்பாத்தும். வயசானவங்களுக்கு வேர்வை கம்மி. நம்ம ஊர் ஈரக்காத்துல அதுவும் சீக்கிரம் காயாது.

6/ "அந்தக் காலத்துல ஏசி இருந்துச்சா?"ன்னு கேப்பீங்க. கீத்துக் கூரை இருந்துச்சு. ஓலைக்கு நடுவுல காத்து அடைஞ்சிருக்கும், அது சூட்டைச் சுலபமா கடத்தாது. ஷீட்ல அது கிடையாது.

7/ டிவியில "மீனம்பாக்கத்துல 40 டிகிரி"ங்கறாங்க. பக்கத்து ஊர்தான். ஆனா அது நிழல்ல, காத்தோட்டமா, வெள்ளை அடிச்ச கூட்டுக்குள்ள இருக்கற தெர்மாமீட்டர் காட்டற கணக்கு. தெர்மாமீட்டருக்குக் குடுத்த வெள்ளைக் கூரையை மனுஷனுக்குக் குடுக்க மாட்டோமா?

8/ 2024-ல தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுது. இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல விஷயம், வரவேற்கறேன். ஆனா சாகறதுக்கு முன்னாடி கூரைக்கு ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் ஏன் இல்ல? வெள்ளைக் கூரை வெயில்ல பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். உள்ள சில டிகிரி குறையும். அந்தச் சில டிகிரிதான் வீட்டுக்கும் ஐசியூவுக்கும் நடுவுல இருக்கு.

9/ ஹவுஸ் ஓனர்களே, வாடகை ஏத்தறதுக்கு முன்னாடி கூரைக்கு வெள்ளை அடிங்க. ஆனா ஆஸ்பெஸ்டாஸைச் சுரண்டாதீங்க, தூசு நுரையீரலுக்கு ஆபத்து. ஷீட் மேல ஏறாதீங்க, உடைஞ்சிடும்.

10/ அந்த அம்மா பொழைச்சிட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்குப் பழக்கதோஷத்துல சொன்னேன்: "வெயில்ல போகாதீங்கம்மா, வீட்டுலயே இருங்க."

"அங்க இருந்துதானே சார் வந்தேன்"னாங்க.

என்கிட்ட பதில் இல்ல.