கும்மட்டமும் குடிகளும்

ஒரு நாட்டின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அதன் நூல்களை ஆராய்வர், சட்டங்களைக் கற்பர். கட்டடங்களையும் கற்றல் வேண்டும் என்பது நமது கொள்கை. கல் பேசாது என்பர். ஆயினும், அதனை வெட்டியவர் யார், சுமந்தவர் யார், அதன் நிழலில் அமர்ந்தவர் யார் என்று வினவுவோர்க்குக் கல்லும் விடை கூறும். இவ்வுண்மைக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள மாகாணச் சட்டசபை மாளிகைகள் சிறந்த சான்றாவன.

அந்நாட்டில் அரசர் இலர். ஆதலின் அரண்மனையும் இல்லை. அரண்மனைக்கு ஈடாக மக்கள் தமக்கென்றே எழுப்பிக்கொண்டவை இம்மாளிகைகள். பழைய ரோமாபுரியின் காப்பிட்டோலின் குன்றை நினைவூட்டுமாறு இவற்றுட் பலவற்றிற்குக் 'காப்பிட்டல்' என்று பெயரிட்டனர். வர்ஜினியா மாகாணத்து ரிச்மண்டு நகரில் 1785-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற மாளிகையை வகுத்தவர் தாமஸ் ஜெபர்சன். அப்பொழுது பாரிஸ் நகரில் தூதராயிருந்த அவர், கிளெரிஸ்ஸோ என்னும் பிரெஞ்சுச் சிற்பியின் துணைகொண்டு, நீம் நகரத்துப் பழைய ரோமக் கோயிலொன்றை மாதிரியாகக் கொண்டார். தெய்வம் உறைந்த வடிவில் சட்டம் உறைவதாயிற்று. பாஸ்டன் நகரில் சார்லஸ் புல்பிஞ்சு வகுத்த மாளிகை 1798-இல் நிறைவெய்தியது. அதன் மரக் கும்மட்டத்திற்கு 1802-இல் செப்புத் தகடு வேய்ந்தனர். 1874-இல் பொன்னும் பூசினர். உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்திலேயே வாஷிங்டன் நகரத்துத் தலைமை மாளிகையின்மீது பெரிய இரும்புக் கும்மட்டம் எழுந்தது. போருக்குப் பின்னர் மாகாணங்கள் பலவும் அதனைப் பின்பற்றித் தத்தம் நகரங்களில் கும்மட்டங்களை உயர்த்தின.

'ஏழை குடிசையில் வாட, சட்டசபைக்குப் பொற்கூரை எதற்கு?' என்று வினவுவார் உளர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் நாம் அதனை முழுதும் ஒப்புக்கொள்ள இயலாது. செல்வன் ஒருவன் கட்டும் மாளிகையின் அழகு அவனுக்கும் அவன் விருந்தினர்க்குமே உரியது. பொது மாளிகையின் அழகோ, சேறு படிந்த காலொடு வயலினின்று வரும் உழவனுக்கும் உரியது. ஏழைக்குத் தன் வீட்டில் கிடையாத உயர்ந்த கூரையும் அகன்ற கூடமும் ஊரார்க்குப் பொதுவான ஓரிடத்திலேனும் இருத்தல் அவனுக்குப் பெருமையேயன்றிச் சிறுமையன்று. ஆகவே, மாளிகை பெரிதாயிருத்தல் குற்றமன்று. ஆனால் அப்பெருமைக்கு மூன்று கடன்கள் உண்டு. அவை தீர்க்கப்படாவிடின் கும்மட்டம் வெறும் தலைப்பாகையே.

முதலாவது, பொருட் கடன். பென்சில்வேனியா மாகாணத்து ஹாரிஸ்பர்க் நகரில் 1906-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மாளிகை கண்கவர் வனப்புடையது. குடித்தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே விழாவிற்கு வந்திருந்தார். ஆயின், நாற்பது இலட்சம் டாலருக்கென்று தொடங்கிய வேலைக்கு ஏறக்குறைய ஒரு கோடியே முப்பது இலட்சம் டாலர் செலவாயிற்று. சரவிளக்குகளை எடை கணக்கிலும், மேசை நாற்காலிகளை அடி கணக்கிலும் விலை கூறி விற்றிருந்தனர். உண்மை வெளிப்பட்டபின் வழக்கு நடந்தது. மாளிகையை வகுத்த சிற்பியும் சிறை புகுந்தார். மறுபுறம், நெப்ராஸ்கா மாகாணத்தார் லிங்கன் நகரில் 1922 முதல் 1932 வரை, பெர்ட்ராம் குட்ஹ்யூவின் திட்டப்படி, நானூறு அடிக் கோபுரத்தோடு தம் மாளிகையைக் கட்டினர். கடன் சுமவாது, கைப்பொருள் வந்த அளவிற்கு வேலையை நடத்தினர். இரண்டும் அழகியனவே. ஆயினும் ஒன்றைக் காணும்போது கண் மட்டும் களிக்கின்றது. மற்றொன்றைக் காணும்போது மனமும் களிக்கின்றது.

இரண்டாவது, உழைப்புக் கடன். டெக்ஸஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் 1888-இல் திறக்கப்பெற்ற செந்நிறக் கல் மாளிகை வாஷிங்டன் மாளிகையினும் உயரமானது. அதனைக் கட்டித் தந்தவர்க்கு மாகாணத்தார் முப்பது இலட்சம் ஏக்கர் நிலத்தை விலையாகக் கொடுத்தனர். கல்லைப் பெயர்த்தெடுக்கச் சிறைக் கைதிகள் ஏவப்பட்டனர். அதனை எதிர்த்துக் கல்தச்சர் சங்கத்தார் வேலைக்கு வர மறுக்கவே, ஸ்காட்லாந்திலிருந்து ஆட்களை வருவித்தனர். டென்னஸி மாகாணத்து நாஷ்வில் மாளிகைக்கோ, கைதிகளோடு அடிமைகளும் உழைத்தனர். அதனை வகுத்த வில்லியம் ஸ்டிரிக்லண்டு 1854-இல் இறந்தபோது அவர் உடலை அம்மாளிகையின் சுவரிலேயே அடக்கம் செய்து சிறப்பித்தனர். கல்லைச் சுமந்த அடிமைகளுக்கு அச்சிறப்புக் கிட்டவில்லை. சாலொமோன் மன்னன் இஸ்ரவேலரிடமிருந்து முப்பதினாயிரம் பேரைக் கட்டாய வேலைக்குத் திரட்டியதும், அவன் மைந்தன் காலத்தில் அப்பாரம் தாங்காத மக்கள் முறையிட்டதும், இராச்சியம் இரண்டாகப் பிளந்ததும் வேதம் பயின்றோர் அறிந்தனவே. தேவாலயத்தைக் கட்டிய அரசனுக்கே அந்தக் கணக்கு விடப்படவில்லையாயின், ஏனையோர்க்கு விடப்படுமோ?

மூன்றாவதும் தலையாயதும் வாயிற் கடன். அலபாமா மாகாணத்து மான்ட்கமரி மாளிகையின் முகமண்டபத்தில், 1861 பெப்ரவரியில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்த மாகாணங்களின் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் பதவியேற்றார். நூற்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1965 மார்ச்சு 25-இல், வாக்குரிமை வேண்டி செல்மா நகரினின்று நடந்து வந்தவர்களும் அவர்களோடு கூடியவர்களுமாக ஏறக்குறைய இருபத்தையாயிரம் மக்கள் அதே மாளிகையின் படிகளுக்கு முன் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங் அங்கு நின்று பேசினார். ஆளுநர் அன்று வெளிவந்து அவர்களைக் காணவில்லை. கட்டடம் தங்களது, வரி தங்களது, வாயில் மட்டும் தங்களதன்று என்னும் நிலை அது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. ரிச்மண்டிலும் அவ்வாறே ஒரு மாற்றம் நேர்ந்தது. போர்க்காலத்தில் அடிமை முறைக் கட்சியாரின் சட்டமன்றம் கூடிய அந்நகரத்து மாளிகையில், 1990-இல், அடிமைகளின் பேரரான டக்ளஸ் வைல்டர் ஆளுநராகப் பதவியேற்றார். தூண்கள் மாறவில்லை, மாளிகையின் பொருள் மாறியது. அதனை மாற்றியவர் சிற்பியரல்லர், குடிமக்களே.

ஆகவே, மாணவ நண்பர்காள், பெருங்கட்டடம் ஒன்றின்முன் நிற்கும்போது அதன் உயரத்தை மட்டும் அளந்து வியவாதீர்கள். இதற்குப் பொருள் தந்தவர் யார்? கல் சுமந்தவர் யார்? இன்று இதன் வாயில் யாருக்குத் திறக்கின்றது? இம்மூன்றையும் கேளுங்கள். சட்டசபைக்கு மட்டுமன்று, பள்ளிக்கும் கோயிலுக்கும் நாம் பயிலும் கல்லூரிக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். நெப்ராஸ்கா மாளிகையின் கோபுர உச்சியில் வாளேந்திய வீரன் இல்லை. விதை விதைப்பவன் ஒருவனே நிற்கின்றான். நாட்டின் பாதுகாப்புக் குடிமகனின் விழிப்பிலே உள்ளது என்னும் பொருள்பட, அதன் வாயிலின்மேல் ஒரு வாசகம் பொறித்துள்ளனர். விதைத்தவன் உறங்கிவிட்டால் களை முளைக்கும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?