குருத்தெலும்பு என்னும் சொல்

சொல் ஒன்று தவறான கருத்தையும் உடன் கொண்டுவருமாயின், அதனைக் களைவதா, விளக்கி வைத்துக்கொள்வதா? மொழிபெயர்ப்போரை நாள்தோறும் எதிர்நோக்கும் வினா இது. ‘குருத்தெலும்பு’ அத்தகைய சொற்களுள் ஒன்று. முற்றாத எலும்பே குருத்தெலும்பு, நாளடைவில் அது எலும்பாகிவிடும் என்று மாணாக்கர் பொருள்கொள்ள அச்சொல் இடந்தருகிறது.

அக்கருத்து பாதியளவே உண்மை. கருவில் கை கால்களின் நீண்ட எலும்புகள் முதலில் குருத்தெலும்பு வடிவில் அமைகின்றன. ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் அவற்றின் நடுவே என்பாக்கம் தொடங்குகிறது. ஆயினும் காய் கனியாவதுபோல் ஒன்று மற்றொன்றாக முற்றிவிடுவதில்லை. குருத்தெலும்பு பெரும்பாலும் சிதைந்து அகல, குருதிக் குழாய்களுடன் வந்து சேரும் உயிரணுக்கள் அவ்விடத்தே எலும்பைக் கட்டுகின்றன. மண்டையோட்டின் கூரை எலும்புகளோ குருத்தெலும்பு நிலையைக் காணாமலே சவ்விலிருந்து தோன்றுபவை. காது மடலும் மூக்கு நுனியும் முதுமையிலும் குருத்தெலும்பே. முழங்கால் மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்திய வழவழப்பான படலமும் அவ்வாறே. அதற்குக் குருதிக் குழாய் இல்லை. மூட்டு நீரே உணவு. ஆதலின் தேய்ந்தபின் அது எளிதில் சீர்ப்படுவதில்லை.

அந்தமான் ஆசிரியர்கள் இதற்குச் சான்று தேடி அலையவேண்டுவதில்லை. போர்ட் பிளேரின் ஜங்கிலிகாட் மீன் துறையில் வந்திறங்கும் சுறாவும் திருக்கையும் எத்தனை ஆண்டு வாழினும் அவற்றின் உடற்சட்டகம் குருத்தெலும்பாகவே நிற்கிறது. சுறாவின் முதுகுக் கணு கல்போல் இருப்பது சுண்ணச் சத்துப் படிவதால். அதனை முதுகெலும்பு என்கிறோம். அதில் எலும்பே இல்லை!

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘கசியிழையம்’ என வழங்குகின்றன. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்துத் தாயகம் திரும்பிய குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டப் பணிக்குக் குடியேறினமையால், அச்சொல்லும் இத்தீவுகளுக்கு முற்றிலும் அயலானதன்று. எலும்பு என்ற பேச்சே எடுக்காமையால் அது செம்மையானது என்பேன். எனினும் குருத்தெலும்பைக் கைவிட எனக்கு மனமில்லை. காரணம், சிறுவர் எலும்பின் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டு. தென்னையின் நடுக்குருத்தைக் காண்டாமிருக வண்டு அடியோடு அழித்துவிட்டால் மரம் அதன்மேல் வளராது. நிக்கோபாரில் இதனைக் குழந்தையும் அறியும். வளர்ச்சித் தட்டும் எலும்பின் குருத்தே. அது கடுமையாகச் சிதைந்தால் எலும்பு குட்டையாகவோ கோணலாகவோ நின்றுவிடக்கூடும்.

களப்பணியாளர் இங்கேதான் விழிப்பாயிருத்தல் வேண்டும். சிறுவரிடத்து இத்தட்டு மூட்டைப் பிணைக்கும் தசைநார்களினும் வலுக்குறைந்தது. வளர்ந்தவர்க்குச் சுளுக்காக முடியும் விபத்து, பத்து வயதுச் சிறுவனுக்குத் தட்டு முறிவாகலாம். எக்ஸ் கதிர்ப் படத்திலும் குருத்தெலும்பு தெரிவதில்லை. எலும்பு முனைகளுக்கிடையே ஓர் இடைவெளியே தோன்றும். ஆதலின் “முறிவு இல்லை” என்ற ஒரு சொல்லோடு அமைதல் ஆகாது. மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு மணிக்கட்டோ முழங்காலோ வீங்கி, எலும்பு முனைமேல் அழுத்தினால் நோகுமாயின், எண்ணெயிட்டு நீவுவதும் இழுத்துக் கட்டுவதும் கூடா. அசையாதவாறு பலகை வைத்துக் கட்டி, போர்ட் பிளேருக்குக் கப்பல் எந்நாள் என்பதை அன்றே விசாரித்தல் நன்று. வாரங்கள் கடந்தால் தட்டு பிறழ்ந்த நிலையிலேயே பற்றிக்கொள்ளும். பின்னர் அதனை அசைப்பதே மேலும் கேடாகலாம்.

இத்தட்டினை நம் கையேடுகளில் ‘வளர்குருத்து’ என எழுதலாமெனக் கருதுகிறேன். பெண்களுக்கு ஏறத்தாழ ஈராண்டு முன்னதாகவே அது மூடிவிடுகிறது என்பதையும் அங்கேயே குறித்துவிடலாம்.