உப்புக்கு வரி இல்லை, உப்பு வாருகிறவளுக்கு உண்டு

சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, எங்கள் ஊர் டீக்கடையில் பென்ஷன்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். பேச்சு மகளிர் உரிமைத் தொகைக்கு வந்தது. "மாசம் ஆயிரம் சும்மா கொடுத்து ஜனங்களைக் கெடுத்துட்டாங்க. வரி கட்டறது நாம, அனுபவிக்கிறது அவங்க" என்றார் ஒரு நண்பர். நானும் தலையாட்டினேன். தலையாட்டியது தப்பு என்று எனக்குப் புரிந்தது அன்று சாயங்காலம்தான். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெண், மனு ஒன்று எழுத வேண்டுமென்று வந்தாள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவள். தை பிறந்தால் விடியுமுன்னே ஷேர் ஆட்டோவில் போய், டார்ச் வெளிச்சத்தில் பாத்தியில் இறங்கி உப்பு வாருவாள். வெயில் ஏறுமுன் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிவிட வேண்டும். மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். மூன்று மாதம் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதற்குத்தான் மனு.

நான் நாற்பது வருஷம் அரசாங்க எழுத்தராகப் பேனா பிடித்தவன். மனு எழுதிக் கொடுக்கும்போது கூடவே புத்திமதியும் வந்துவிடும்.

"ஏம்மா, மழைக்கு வேலை இருக்காதுன்னு வருஷா வருஷம் தெரியுதில்ல? வேலை இருக்கிறப்ப மாசம் ஆயிரம் ஒதுக்கி வச்சா என்ன?"

"வச்சேன் பெரியப்பா. ஆடியில மாமியாருக்குக் காலு வீங்கிப்போச்சு. பாண்டிக்கு நாலு தபா ஆட்டோல இட்டுகினு போனேன். வச்சது அதோட போச்சு. அப்புறம் குழு லோனு. வாரா வாரம் கட்டணும், மழன்னா அவங்க வுட மாட்டாங்க." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு ஒண்ணாந்தேதி ஆனா பேங்குல வுழுந்துடுது. எங்களுக்கு மழ காலத்துல ஒண்ணாந்தேதியே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. சிக்கனத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? தொண்ணூறுகளில் 24 சதவீத வட்டிக்கு ஆசைப்பட்டு ஒரு நிதி நிறுவனத்தில் நாற்பதாயிரம் ரூபாய் போட்டேன். ஒரு காலை போய்ப் பார்த்தால் பூட்டு தொங்கியது. ஒரு பைசா திரும்பவில்லை. ஆனாலும் நான் நடுத்தெருவுக்கு வரவில்லை. அடுத்த மாதம் சம்பளம் வந்தது, ஓய்வு பெற்றபின் பென்ஷன் வந்தது. என்னைக் காப்பாற்றியது என் புத்திசாலித்தனமல்ல, அரசாங்கக் கஜானா. அவள் அப்படி ஒரு முட்டாள்தனமும் செய்யவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், அவ்வளவுதான்.

மனு முடிந்தபின், பழைய குமாஸ்தா புத்தி, ஒரு காகிதத்தை எடுத்து அவள் வீட்டு வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒற்றை அறை ஒன்று கட்டினாள். நூறு மூட்டை சிமெண்ட், மூட்டை 400 ரூபாய் என்றாள். அப்போது சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், 2025 செப்டம்பரில்தான் 18 ஆகக் குறைத்தார்கள். 400 ரூபாயில் வரி மட்டும் 87 ரூபாய் 50 காசு. நூறு மூட்டைக்கு 8,750 ரூபாய். நாங்கள் டீக்கடையில் வயிறெரிந்த ஆயிரம் ரூபாய், கிட்டத்தட்ட ஒன்பது மாதத்துக்கு அதிலேயே அடங்கிவிட்டது. போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய்க்கு மேல் வரி. டீத்தூள், எண்ணெய், சோப்பு எல்லாவற்றிலும் 5 சதவீதம். புருஷன் டாஸ்மாக்கில் கொடுப்பது தனி; அந்தக் கடைகளிலிருந்து வரியாக மாநில அரசுக்கு வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அவள் வாருகிற உப்புக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கிடையாது.

சரி, "வரி கட்டறது நாம" என்ற எங்கள் கணக்கு என்ன? 2025–26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரி இல்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் இந்த வருஷம் வருமான வரியாக ஒரு ரூபாய்கூடக் கட்டப்போவதில்லை. பணியில் இருந்தபோது சம்பளத்திலேயே பிடித்தார்கள், உண்மைதான். இப்போது அவளும் நாங்களும் கட்டுவது ஒரே வரி, கடையில் கட்டுகிற வரி. அவள் கையில் வருவதெல்லாம் அப்படியே கடைக்குப் போகிறது. எனக்கு மிச்சம் பிடிக்க முடிகிறது. ஆகவே வருமானத்தில் பங்கு பார்த்தால் என்னைவிட அவள்தான் அதிகம் கட்டுகிறாள்.

நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் 'கபெல்' என்ற உப்பு வரி வரும. பிரான்சின் பல மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் இவ்வளவு உப்பு வாங்கியே தீரவேண்டும். பிரபுக்களுக்கும் பாதிரிமார்களுக்கும் விலக்கு. 1789 புரட்சிக்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம். அந்த வருஷத்து உரிமைப் பிரகடனத்தின் 13-வது பிரிவு, பொதுச் செலவுக்கான வரியை அவரவர் சக்திக்கேற்பப் பகிரவேண்டும் என்கிறது. அதை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். பொருள் புரிய அறுபது வருஷம் ஆயிற்று. 1760-ல் எங்கள் பெருமுக்கல் மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஆங்கிலேயரும் உப்பை விடவில்லை. சென்னை மாகாணத்தில் 1805-ல் கம்பெனி உப்பை ஏகபோகமாக்கிக்கொண்டது. 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். 1947-ல்தான் அந்த வரி ஒழிந்தது. உப்பைத் தேர்ந்தெடுத்த காரணம் சுலபமானது. ஏழையும் உப்பில்லாமல் இருக்க முடியாது. இன்றைக்கு சிமெண்டும் போனும் அப்படித்தான்.

மேலே இருப்பவர்கள் கணக்கையும் பார்ப்போம். சொத்து வரியை 1957-ல் கொண்டுவந்தவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 2015 பட்ஜெட்டில் அது எடுக்கப்பட்டது. ஒருவர் இறந்தபின் அவர் சொத்தின் மேல் விதிக்கும் வரி 1953-ல் வந்தது, 1985-ல் போயிற்று. இன்று அப்பா 500 கோடி விட்டுப் போனாலும் பிள்ளைக்கு அதன்மேல் வரி இல்லை. பிரான்சில் உண்டு, பிரெஞ்சுப் பிரஜைகளான நம் புதுச்சேரிக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். அமெரிக்காவிலும் உண்டு, மிகப் பெரிய சொத்துக்கு 40 சதவீதம் வரை. அங்கே வாரன் பஃபெட் என்ற பெருங்கோடீஸ்வரர், தன் ஆபீசில் வேலை செய்கிறவர்களைவிடத் தான் கட்டும் வரி விகிதம் குறைவு என்று 2011-ல் தானே எழுதினார். அவருக்கு 17.4 சதவீதம், ஆபீஸ்காரர்களுக்குச் சராசரி 36. இங்கேயும் சம்பளத்துக்கு உச்ச விகிதம் 30 சதவீதம். பங்குகளை ஒரு வருஷம் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 12.5. நம் நாட்டுச் செல்வத்தில் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருப்பதாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் கணக்குச் சொன்னது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். எழுபதுகளில் வருமான வரி 97.75 சதவீதம் வரை போயிற்று. அதனால் வளர்ந்தது கஜானா அல்ல, கறுப்புப் பணம். சொத்து வரியை எடுத்தபோதும், 2013–14-ல் தேசம் முழுவதும் வசூலானது 1,008 கோடிதான், வசூலிக்கும் பாடு பெரிது என்றார்கள். நியாயம்தான். ஆனால் வசூலாகாத வரியைச் சரிசெய்யவேண்டும் என்பதற்கும், எடுத்துவிடவேண்டும் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. டீத்தூளில் வசூலிக்கக் கஷ்டம் என்று யாரும் விட்டுவிடவில்லையே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பத்துக் கோடி, இருபதுகோடிக்கு மேல் பிள்ளைக்குப் போகிற சொத்தில் ஒரு பங்கு கஜானாவுக்கு வரட்டும். நம் மாதிரி ஒரு வீடு, இரண்டு காணி நிலம் வைத்திருப்பவர்களை அது தொடாது. அவ்வளவு வந்தால், சிமெண்டிலும் ரீசார்ஜிலும் கொஞ்சம் குறைக்கலாம். சேமிப்பு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சேமிக்க மிச்சம் இருப்பவருக்குச் சொல்லும் புத்திமதியை, மிச்சமே இல்லாதவருக்குச் சொல்வது அபத்தம்.

மறுநாள் அந்தக் காகிதத்தை டீக்கடைக்கு எடுத்துப் போனேன். நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கணக்கில் தப்பு அகப்படவில்லை. "அப்ப என் பென்ஷன்ல அந்தப் பொண்ணு காசும் இருக்குங்கிறீர்" என்றார். "இருக்கு" என்றேன். அன்று எங்கள் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவோடும் ஒரு நாள் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.