ஸ்பீக்கர் வாங்குமுன் செவியைக் கேளுங்கள்

நீலகிரியில் மழைக்காலம் ஒன்றல்ல, இரண்டு. ஆனி, ஆடியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை வடகிழக்குப் பருவமழை நனைக்கும். வெளியே செல்ல இயலாத அந்த நீண்ட மாலைகளில், மஃரிபுக்குப் பின் குடும்பம் முழுவதும் ஓர் அறையில் கூடியிருக்க, செவிக்கினிய ஓசை வீட்டில் ஒலிப்பது அல்லாஹ் அருளிய நிஃமத்துகளுள் ஒன்றாகும்.

முன்பு அவ்விடத்தை வானொலிப் பெட்டி நிரப்பியது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இன்றோ உலகப் புகழ்பெற்ற காரிகளின் கிராஅத் அனைத்தும் கைபேசிக்குள் அடங்கிவிட்டது. ஆயினும் அந்த ஓசை நம் காதை வந்தடையும் கடைசி வாசல் ஸ்பீக்கரே. அவ்வாசல் குறுகியிருந்தால் உள்ளே எத்துணைச் செல்வம் இருந்தும் பயனில்லை.

இசைக்கருவிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. கிராஅத் ஆயினும், நாகூர் ஹனீஃபாவின் கம்பீரக் குரலாயினும், வேறு இசையாயினும், ஒலி திரிபின்றிக் கேட்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை.

காந்தம், அதனிடையே அசையும் கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு ஆகிய மூன்றுமே ஸ்பீக்கரின் உயிர். அமெரிக்கப் பொறியாளர்களான ரைஸ், கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்ட இவ்வமைப்பே இன்றளவும் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு அடிப்படை. நல்ல பெட்டியில் கனத்த ஓசைக்குப் பெரிய வூஃபரும், மெல்லிய கூர்மையான ஓசைக்குச் சிறிய ட்வீட்டரும் தனித்தனியே இருக்கும்.

கடைக்காரர் முதலில் சொல்வது வாட் கணக்கைத்தான். அதில் மயங்க வேண்டா. வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இரு மடங்கு உரத்துத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் தேவை. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண் வெறும் விளம்பரமே. மாறாக, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் தருகிறது என்று கேளுங்கள். 88, 90 என்றிருந்தால் சிறிய ஆம்ப்ளிஃபையரே நம் வீட்டுக்குப் போதும்.

வாங்குமுன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி 1961இல் முழுக் குர்ஆனையும் பதிவு செய்தார். அத்தகைய பழைய பதிவொன்றைக் கடையில் ஒலிக்கச் செய்யுங்கள். ஸீன், ஸாத், ஷீன் ஆகிய எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பாமல் பிரிந்து கேட்கின்றனவா என்று கவனியுங்கள். குழம்பினால் அந்த ஸ்பீக்கர் எவ்வளவு அதிர்ந்தாலும் வேண்டா. மக்தபில் கற்றதை வீட்டில் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிக்கும் குழந்தைக்கு அந்த ஸ்பீக்கரும் ஓர் உஸ்தாதன்றோ? உஸ்தாதின் நாவு தடித்திருந்தால் மாணவனின் மக்ரஜ் எங்ஙனம் திருந்தும்?

அதே பதிவு வீட்டிலும் உதவும். அது இடம், வலம் என்று பிரியாத ஒற்றை ஒலிப்பதிவு. இரு ஸ்பீக்கர்களும் நாம் அமரும் இடமும் சம முக்கோணமாய் அமைந்து, ட்வீட்டர்கள் காதின் உயரத்தில் இருந்தால், காரி இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவே அமர்ந்து ஓதுவது போலத் தோன்றும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ சிதறினாலோ பெட்டிகளை நகர்த்திச் சரிசெய்யுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

நம் மலைவீடுகளுக்குச் சில தனிக் குறிப்புகள் உண்டு. பலகைத் தளத்தில் நேரே வைத்தால் தளமும் சேர்ந்து அதிரும். காலித் தேயிலைப் பெட்டியின் மேல் வைத்தால் அப்பெட்டியே மத்தளமாகும். கனத்த கற்பலகையும் அதன்மேல் ரப்பர்த் துண்டுகளும் போதும். மூலையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் கனத்த ஓசை மிகுந்து சொற்களை விழுங்கும். ஓரடியேனும் விலக்கி வையுங்கள். தகரக் கூரையில் மழை அறையும்போது அதோடு போட்டியிட்டு ஒலியைக் கூட்டாதீர்கள். மழை சற்று ஓயட்டும்.

ஈரமே இங்குப் பெரும் பகை. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமாக இருந்தால் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பே மேல். மரத்தூள் பலகைப் பெட்டியாயின் மூலைகளிலும் பின்புறத்திலும் மேலுறை முழுமையாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் புகுந்தால் பலகை உப்பிவிடும். பூஞ்சணம் பிடிக்காதிருக்கக் காற்றோட்டமும் வாரத்தில் சில நாட்களேனும் பயன்பாடும் தேவை.

இனி, எல்லாவற்றிலும் தலையாயது. தோட்ட லயன்களில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவர். ட்வீட்டரின் ஓசையைச் சுவர் பெருமளவு தடுக்கும். வூஃபரின் ஓசையோ ஊடுருவிச் செல்லும். நமக்கு இனிய கீதமாய் ஒலிப்பது, விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் செல்ல வேண்டிய அண்டை வீட்டுப் பெண்ணுக்கு இரவெல்லாம் வெறும் இடியாகவே கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுக்கின்றன. சட்டம் இல்லாவிடினும் அண்டை வீட்டாரின் ஹக்கை நாம் அறிவோம். குர்ஆன் ஓசையாயினும் பிறர் உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு உயர்த்துவது அதற்குச் செய்யும் கண்ணியம் ஆகாது.

நம் செவிக்கும் ஹக்கு உண்டு. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரமும், குழந்தைகள் 75 டெசிபல் அளவில் அதே நேரமும் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வீட்டில் முதியவருக்குச் சொல் பிடிபடவில்லை என்றால் ஒலியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். முதுமையில் முதலில் குறைவது கூரிய ஓசைகளைக் கேட்கும் திறன். கனத்த ஓசையைச் சற்றுக் குறைத்து, அவருடைய நாற்காலியை ஸ்பீக்கருக்கு அருகே நகர்த்துங்கள். காது மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

நல்ல ஸ்பீக்கரின் அடையாளம் தெரு முழுதும் கேட்பதன்று. தாழ்ந்த ஒலியிலும் ஒரு சொல் விடாமல் கேட்பது. குடும்பத்தோடு கடைக்குச் சென்று, குறைந்த ஒலியில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டு வாங்குங்கள்.