லாபம் எந்த ஊரில் தங்குகிறது?

விருதுநகர் வணிகர்களிடம் மகமை என்றொரு வழக்கம் இருந்தது. வந்து இறங்கும் மூட்டைக்கு இவ்வளவு, விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைக் கடைக்காரர்கள் பொது நிதிக்கு எடுத்து வைப்பார்கள். வீட்டில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். கடைக்காசும் பிடி அரிசியும் சேர்ந்து வளர்த்த பள்ளிதான் க்ஷத்திரிய வித்யாசாலா. காமராஜர் படித்தது அங்கே. படிப்பு நின்றதும் அவர் போய் நின்றது மாமாவின் துணிக்கடையில். 1916-ல் கரூரில் தொடங்கிய கரூர் வைசியா வங்கி, 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகப் பிறந்து 1962-ல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆகியவற்றின் கதையும் இதேதான். கடைத்தெருவில் கிடைத்த லாபம் ஊரை விட்டுப் போகாததால் முளைத்தவை அவை.

அந்தப் பணம் பெரும்பாலும் சாதி வட்டத்துக்குள்ளேயே சுற்றியது என்று குறை சொல்வார்கள். நியாயமான குறை. ஆனால் இன்று செல்போனில் விரல் வைத்துப் பருப்பும் சோப்பும் வரவழைக்கிறோமே, அந்தப் பணத்துக்கு ஊர் என்ற வட்டமே கிடையாது. சரக்கு நம் தெருவுக்கு வருகிறது. லாபம் என்று ஒன்று வந்தால் அது முதலீட்டாளர் இருக்கும் ஊருக்குப் போகிறது. இங்கே தங்குவது கொண்டுவந்து கொடுக்கும் பையனின் கூலி மட்டும்.

மாதச் சாமானைத் தெருவிலுள்ள மளிகைக் கடையில் வாங்குங்கள் என்று இந்தத் தலையங்கம் கேட்கிறது. கடைக்காரர் பாவம் என்பதற்காகக் கேட்கவில்லை. வாங்குகிறவர்களின் நலன் அதில்தான் இருக்கிறது.

ஒரு சாதாரண அண்ணாச்சி கடையின் முன்பக்கத்தைப் பாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குவது அடுத்த தெருப் பெண்கள் போட்ட அப்பளம். குளிர்பெட்டியில் இருக்கும் இட்லி மாவு நாலு வீடு தள்ளி அரைத்தது. கோலமாவு, முறுக்கு, ஊதுபத்தி, செக்கெண்ணெய் என்று பெயர்ப்பலகை இல்லாத பத்துத் தொழில்களுக்கு அந்தப் பலகைத் தட்டுதான் சந்தை. மகளிர் குழு இருபது பாக்கெட் கொடுத்துவிட்டுப் போகும். விற்றதும் வந்து காசு வாங்கிக்கொள்ளும். ஒப்பந்தமும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. பத்து நிமிட டெலிவரி நிறுவனங்களின் கிடங்குக்குள் இந்த அப்பளம் போக முடியுமா? பார்கோடு இல்லாத சரக்குக்கு அங்கே வாசலே கிடையாது.

இந்தச் சுழற்சியை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. சிகாகோ நகரின் ஆண்டர்சன்வில் பகுதியில் 2004-ல் ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்க்காரர் கடையில் 100 டாலர் செலவழித்தால் 68 டாலர் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் தங்கியது. சங்கிலிக் கடையில் செலவழித்தபோது தங்கியது 43 டாலர். அது அமெரிக்கக் கணக்கு, நம் தெருவுக்கு அப்படியே ஒட்டாது. காரணம் மட்டும் ஒன்றுதான்: உள்ளூர் முதலாளி கணக்கு எழுதவும், சுவரெழுத்துக்கும், மகள் கல்யாணத்துக்கும் இந்த ஊரிலேயே செலவழிக்கிறார்.

சரி, விலை? செயலியில் மலிவாகக் கிடைக்கிறதே என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த வாதத்தை நடத்துவது நேர்மையாகாது. பல பொருள்கள் அங்கே மலிவுதான். ஏன் மலிவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பகுதி, முதலீட்டாளர் பணத்தைக் கரைத்துத் தரும் தள்ளுபடி. போட்டிக் கடைகள் மூடும்வரை நீடிக்கும் தள்ளுபடி அது; மூடியபின் தொடரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இன்னொரு பகுதி, பெரிய உற்பத்தி நிறுவனங்கள் ஒரே சோப்புக்கு வைக்கும் இரண்டு கொள்முதல் விலை. பெரிய வாடிக்கையாளருக்கு ஒரு விலை, விநியோகஸ்தர் வழியாக மளிகைக் கடைக்கு வேறு விலை. இதை எதிர்த்துத்தான் 2022-ன் தொடக்கத்தில் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள் சில கோல்கேட் பொருள்களை எடுக்க மறுத்தார்கள். 2024-ல் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, அதிவேக டெலிவரி நிறுவனங்களின் அடிமாட்டு விலையை விசாரிக்கக் கோரிப் போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டியது. அண்ணாச்சி கொள்ளை லாபம் வைக்கிறார் என்று நாம் நினைக்கும் இடத்தில், பல சமயம் அவர் வாங்குகிற விலையே செயலியில் நாம் கொடுக்கும் விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஒரே சரக்கை ஒரே மாதிரி வாங்கும் இரண்டு வணிகர்களுக்குக் காரணமில்லாமல் இரண்டு விலை வைத்துப் போட்டியைக் கெடுப்பதற்கு எதிராக அமெரிக்கா 1936-லேயே ராபின்சன்-பேட்மன் சட்டம் கொண்டுவந்தது. அங்கேயும் அது பல பத்தாண்டுகள் தூங்கியது என்பது வேறு விஷயம். நம் போட்டிச் சட்டத்திலோ சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் என்று நிரூபித்தால்தான் இந்தப் பாகுபாட்டைக் கேள்வி கேட்கவே முடியும். அதை நிரூபித்து முடிப்பதற்குள் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும்.

பெரிய நிறுவனம் என்றால் நிலையானது என்ற நம்பிக்கையும் நமக்கு உண்டு. சென்னை வாசகர்களுக்கு சுபிக்ஷா நினைவிருக்கும். 1997-ல் திருவான்மியூரில் ஒரு கடையாகத் தொடங்கி, நாடு முழுக்க சுமார் 1,600 கடைகளாகப் பெருகி, 2009-ல் சில வாரங்களில் மொத்தமாக மூடப்பட்டது. ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி, சரக்கு கொடுத்தவர்களுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் பாக்கி. தெருமுனைக் கடையும் நொடித்துப் போவதுண்டுதான். ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரத்து அறுநூறு தெருக்களில் நொடிக்காது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த முதல் நாட்களில் சில இணைய மளிகை நிறுவனங்கள் புதிய ஆர்டர் எடுப்பதையே நிறுத்தியதும், பாதி ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தெரு மளிகைக் கடைகள் சாமான் கொடுத்ததும் அதற்குள் மறந்துபோகிற விஷயமா என்ன?

கடன் நோட்டையும் சொல்ல வேண்டும். எண்பது பக்க நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, பக்கத்துக்கு ஒரு வீடு: ‘மாடி வீட்டு டீச்சர்’, ‘பச்சை கேட்’, ‘ஆட்டோக்காரர்’. “சம்பளம் வந்ததும் தந்துடுறேன், எழுதிக்கோங்க அண்ணாச்சி” என்ற ஒரு சொல்லுக்கு அரிசியும் எண்ணெயும் கிடைக்கிறது. வட்டி போடுவதில்லை, பான் கார்டு கேட்பதில்லை. கடன் வாடிக்கையாளருக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட்டிப் போடும் கடைகளும் இருக்கின்றன. ஆனாலும் தவணை தவறினால் அபராதம் போடும் செயலிக் கடனோடு இதை ஒப்பிடவே முடியாது. தினக்கூலி வீடுகளுக்கு இது சலுகை அல்ல, மாதக் கடைசியின் சாப்பாடு. பத்து ரூபாய்க்குக் கடுகும் ஐந்து ரூபாய்க்குப் பெருங்காயமும் மடித்துக் கொடுக்கும் கடையும் அதுதான். வசதியுள்ளவர்கள் மொத்தமாகச் செயலிக்குப் போய்விட்டால், ரொக்கம் கொடுக்கும் வாடிக்கையாளர் இல்லாமல் அந்தக் கடன் நோட்டை எத்தனை நாள் திறந்து வைத்திருக்க முடியும்?

கடைக்காரர்கள் மீது நமக்கு மயக்கம் எதுவும் இல்லை. பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. காலாவதித் தேதி தாண்டிய பிஸ்கட்டைக் கைக்கெட்டும் தட்டில் வைத்து, நல்லதை உள்ளே வைப்பவர்களும் உண்டு. எடை போடும் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் கோபம் வருகிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் தேவைப்பட்டதே, நம் ஊர்த் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்ததால்தான். உள்ளூர் முதலாளி என்பதாலேயே நல்ல முதலாளி ஆகிவிடுவதில்லை. வித்தியாசம் என்னவென்றால், அவரிடம் நேரில் போய்ச் சண்டை போடலாம். செயலியில் புகார் சொன்னால் ஓர் இயந்திரம் மன்னிப்புக் கேட்கிறது.

வணிகர் சங்கங்கள் இங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவிக்க முடிந்த அமைப்புகளால், உறுப்பினர் கடைகளில் கணினி பில்லையும் விலைப்பட்டியலையும் கட்டாயமாக்க முடியாதா? ஆண்டுதோறும் மே 5-ல் நடத்தும் வணிகர் தின மாநாட்டில் தீர்மானங்கள் பெரும்பாலும் அரசைப் பார்த்தே போடப்படுகின்றன. வாடிக்கையாளரைப் பார்த்தும் ஒரு தீர்மானம் போடட்டும்.

அரசின் பங்கு இன்னும் எளிது. கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டபோது, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கே அந்தச் சலுகை என்று வரம்பு வைத்தது. கணவனும் மனைவியும் மட்டும் நடத்தும் கடை அந்த ஆணைக்குள் வராது. இரவு பதினொரு மணிக்கு ரோந்துப் போலீஸ் வந்து விளக்கை அணைக்கச் சொல்வது சிறு வணிகர்களின் நெடுநாள் குறை. அதே தெருவில் நள்ளிரவு தாண்டியும் டெலிவரி வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பத்துப் பேர் வரம்பை எடுத்துவிடுவதற்குக் கோட்டையில் ஒரு கையெழுத்துப் போதும். குடியிருப்புத் தெருக்களில் முளைக்கும் டெலிவரிக் கிடங்குகள் எந்த உரிமத்தின் கீழ் நடக்கின்றன என்பதை மாநகராட்சிகள் வார்டு வாரியாக வெளியிடுவதையும் இதோடு சேர்த்துக் கேட்கிறோம்.