சாமியறையில் செருப்போடு

2011இல் ஒரு கலியாண ஜோடியைப் படமெடுக்க அரியாலைப் பக்கம், கூரையில்லாத ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனோம். சுவர் முழுக்கச் சன்னத் துளைகள், யன்னல் இருந்த இடத்தில் ஆலங்கன்று, நாலு மணி வெயில். படக்காரனுக்கு வேறென்ன வேணும்? பொம்பிளையை ஒரு விளக்கு மாடத்தடியில் நிறுத்தி லைட் பிடித்துக்கொண்டு நிற்க, பக்கத்து வளவு வேலிக்கு மேலால் ஒரு ஆச்சி எட்டிப்பார்த்தார். "தம்பி, அது அவையின்ர சாமியறை. செருப்பைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ."

கழட்டினோம். 'அவை' ஆரென்று கேட்கவில்லை. படம் நன்றாக வந்தது. அந்த ஜோடி இப்போது கனடாவில். அவர்களுடைய வரவேற்பறைச் சுவரில் அதுதான் தொங்குகிறதாம். இங்கே அந்த வளவில் இரண்டு மாடி வீடு எழும்பிவிட்டது. ஆச்சியும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் கமரா தூக்கித் திரிந்த எங்கள் செட்டின் குற்றத்துக்கு இந்த ஒரு படம் போதும். எங்களுக்கு முன் தொண்ணூறுகளில் தொழில் செய்தவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, பற்றரி தடை, பிலிம் கிடைப்பதே அருமை. எங்களிடம் மெமரி கார்ட் இருந்தது, பாதை திறந்திருந்தது. இடிந்த வீடுகள் தெருவுக்குத் தெரு நின்றன. நாங்கள் அவற்றைப் பின்னணியாக மட்டும் பார்த்தோம்.

யாழ்ப்பாண ரயில் நிலையம் 1990 தொடக்கம் பற்றை மண்டிக் கிடந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் எப்போதோ பங்கர்களுக்குள் போய்விட்டன. 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்தேவி திரும்பி வந்தபோது மேடையில் இடிபட்டுப் படமெடுத்தோம். ஆனால் பங்கருக்கு மேல் கிடந்த ஒரு சிலிப்பர் கட்டையாவது என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதா என்று போன மாதம் தேடினேன். இல்லை. எங்கள் சொந்த வளவுப் பங்கரே இல்லை. அதற்குள் மண்ணை நிரப்பி வாழை வைத்தது நான்தான்.

நூலகமும் அப்படித்தான். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த கட்டடம் அது. எரிந்தபடியே நினைவாக விடவேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இன்று அந்த வெள்ளைக் கட்டடம் எங்களுக்கு நல்ல 'பக்கிரவுண்ட்'. கோட்டைக்குள் 1990 சண்டையில் நொறுங்கிய ஒல்லாந்தர் தேவாலயத்தின் கற்குவியலும் அதே கணக்கு.

இவையெல்லாம் கவனக்குறைவு என்று மன்னிக்கலாம். அடுத்தது கள்ள மௌனம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. காணி உறுதியைத் தூக்கினோம், அல்பங்களை விட்டுவிட்டுப் போனோம். அந்த இரவைப் பற்றி எங்களுக்குக் கதை ஓயாது. அதற்குச் சரியாக ஐந்து வருடத்துக்கு முன், அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். சோனகத் தெருவில் ஆளில்லாத வீடுகளின் கதவுகளும் ஓடுகளும் பிறகு எங்கெங்கோ போயின. எங்கே போயின என்பது ஊருக்குத் தெரியும். கூரை போன அந்த வீடுகளும் எங்கள் நகரத்தின் இடிபாடுகள்தானே? ஒருவராவது கமராவோடு அங்கே போய், "இது ஆற்ற வீடு?" என்று கேட்டோமா? நான் சோனகத் தெருவுக்குப் போனது ஒரே தடவை, 2016இல், பிரியாணி வாங்க.

இப்போது எங்களிடம் ஆயிரக்கணக்கில் படங்கள் உண்டு. 'வடக்குவீடு', 'பழசு2', 'சுவர்நல்லம்' என்று பெயரிட்ட கோப்புறைகள். எது எந்த ஒழுங்கை, ஆருடைய வீடு, அவர்கள் எப்போது போனார்கள், ஒன்றும் எழுதவில்லை. சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

உங்கள் அலுமாரியில் அச்சிட்ட படம் ஏதும் கிடந்தால் இந்தக் கிழமையே எடுங்கள். வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் சொல்லச் சொல்ல ஊரையும் ஆண்டையும் வீட்டுக்காரர் பெயரையும் படத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பேனையால் வேண்டாம், மை ஊறும். பென்சில் போதும்.