கோஷர் முத்திரை அலர்ஜி சர்டிஃபிகேட் இல்லீங்கோ!

போன மாசம் வீட்டுக்கு வந்த நண்பர் அன்பா ஒரு அட்வைஸ் சொல்லிட்டுப் போனார். "பொண்ணுக்குப் பால் அலர்ஜி, தங்கமணிக்கு சீலியாக், கோதுமை ஆகாது. இதுக்கு எதுக்கு பாஸ் கடையில அரைமணி நேரம் டப்பாவை உருட்டிட்டு நிக்கறீங்க? கோஷர் பாத்து வாங்குங்க. 'பார்வே'ன்னா பால் இல்லை, 'பி'ன்னா கோதுமை இல்லை. மேட்டர் ஓவர்."

அமெரிக்கா வந்த நம்ம மக்கள் பல பேர் இதைத்தான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறாங்க. பதிவாவும் போடறாங்க. மன்னிக்கணும் மக்களே, இது பாதி உண்மை. மீதிப் பாதியில நான் மாட்டியிருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி, பார்வே போட்ட டார்க் சாக்லேட்ல ஒரு சின்னத் துண்டு. பத்து நிமிஷத்துல பொண்ணுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. எபிபென் குத்திட்டு எமர்ஜென்சிக்கு ஓடினோம். வாங்கிக் குடுத்தது நான்தான். அதனால இதை எழுதற உரிமை எனக்கு இருக்கு.

முதல்ல, கோஷர்ங்கறது யூத மதத்தோட உணவு விதி. இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. எது எந்தப் பக்கம்னு தெரியத்தான் முத்திரை. வட்டத்துக்குள்ள 'யூ' போட்டிருந்தா ஆர்த்தடாக்ஸ் யூனியன். பக்கத்துல 'டி' இருந்தா பால் சேர்ந்தது. 'பார்வே'ன்னா இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. முட்டையும் மீனும் பார்வேதான், அது வேற கதை.

இதுல நல்லதும் இருக்கு, ஒத்துக்கறேன். 'நான்-டெய்ரி'ன்னு கொட்டை எழுத்துல போட்ட காபி க்ரீமர்ல சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதம்! கோஷர்காரர் அதுக்கு 'டி' குத்திடுவார். ஓரியோல பால் சேர்மானமே கிடையாது, ஆனா 'டி' உண்டு. ஏன்னா பால் ஓடற மெஷினையும் ஆர்த்தடாக்ஸ் யூனியன் 'டி'லதான் சேர்க்கும். ஆக 'டி' பாத்தா கீழ வெச்சிடுங்க. அதுவரைக்கும் நண்பர் சொன்னது சரி.

வம்பே பார்வேலதான். யூத விதிப்படி, தவறிக் கலந்த பால் அறுபதுல ஒரு பங்குக்கும் குறைவுன்னா அது இல்லாத மாதிரியே கணக்கு. மத விஷயத்துல அது நியாயமான விதிதான். நம்ம பொட்டி தட்டற மூளையால கணக்குப் போடுங்க: அறுபதுல ஒண்ணுன்னா பத்து லட்சத்துல 16,000க்கும் மேல. அலர்ஜிக் குழந்தைக்கு அதுல ஒரு துளி போதும். சாக்லேட் மெஷினைத் தண்ணி விட்டுக் கழுவறதும் கஷ்டம், ஈரம் பட்டா சாக்லேட் கெட்டுடும். மில்க் சாக்லேட் ஓடின குழாய்லயே அடுத்தது டார்க் ஓடும்.

அடுத்தது 'பி'. அது பார்வேக்கான 'பி' இல்லை, பாஸோவர் பண்டிகைக்கான 'பி'. அப்போ புளிச்ச தானியம் கூடாது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் அஞ்சும் அதுல அடக்கம். 'அப்போ க்ளூட்டன் ஃப்ரீதானே'ன்னு துள்ளாதீங்க. அந்தப் பண்டிகையோட முக்கியமான ரொட்டி மட்ஸா, கோதுமை மாவுலயே செய்யறது! புளிக்க விடாம சுடறதால அனுமதி. அந்த மட்ஸாவைப் பொடிச்சு கேக்லயும் போடுவாங்க, உருண்டையிலயும் போடுவாங்க. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்ல செஞ்சதும் நிறைய வரும், தங்கமணி அதுக்காகவே காத்திருப்பாங்க. ஆனா 'பி'யை நம்பி இல்லை, சேர்மானம் படிச்சுத்தான்.

அப்போ என்ன பண்றது? அமெரிக்காவுல 2006லேர்ந்து பாலும் கோதுமையும் லேபிள்ல பேர் சொல்லியே போடணும்னு சட்டம். பார்லி, ரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால 'மால்ட்'னு பாத்தா உஷார். 'க்ளூட்டன் ஃப்ரீ'ன்னு போடணும்னா பத்து லட்சத்துல 20 பங்குக்குக் கீழ இருக்கணும். 16,000 எங்கே, 20 எங்கே! 'பால் இருக்கலாம்'ங்கற எச்சரிக்கை கம்பெனி இஷ்டம், கட்டாயம் கிடையாது. சந்தேகம்னா டப்பாவுல இருக்கற நம்பருக்கு ஃபோன் போட்டு, "இதே மெஷின்ல பால் ஓடுதா?"ன்னு கேளுங்க. நான் கேக்கறேன், வெக்கமே இல்லாம.

நம்மூர்ப் பச்சைப் புள்ளிக்கும் இதே கதைதான். அது சைவம்னு மட்டும்தான் சொல்லும். கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருந்தா அதுக்குக் கவலை இல்லை.

ரப்பிகள் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவங்க சொன்ன வேலையைச் சரியா செய்யறாங்க. அவங்க கொடுக்காத உத்தரவாதத்தை அவங்க பேர்ல நாம கொடுக்கறோமே, அதுதான் தப்பு. 'டி' இருந்தா வேண்டாம், சரி. 'டி' இல்லைன்னா சாப்பிடலாம்னு யாரும் சொல்லலை. இஃப் இருக்கு, எல்ஸ் இல்லை.

இந்த டிப்ஸைப் பதிவா போட்டவங்க தயவுசெஞ்சு திருத்திடுங்க. அதைப் படிச்சுட்டு எந்த அப்பன் கடையில நிக்கறானோ. மத்தபடி திட்டறதுக்குப் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)